ஜாக்கிரதை என்ற சொல் எங்கிருந்து வந்தது?

"ஜாக்கிரதை" தமிழ்ச் சொல்லா? இல்லையென்றால் அந்த இடத்தில் "எச்சரிக்கை" என்று எழுதிவிட்டால் போதுமா? கவனம், பத்திரம், உஷார் எல்லாம் ஒரே பொருளைத்தான் தருகின்றனவா? கேட்கப்பட்டவை இந்த மூன்றும்தான். முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜாக்கிரதை வடமொழியிலிருந்து வந்த சொல். தூங்காமல் விழித்திருத்தல் என்பது அதன் மூலப் பொருள். எச்சரிக்கை திராவிடச் சொல்தான், ஆனால் அதற்குள்ளும் இருப்பது அதே விழிப்பு. பொருள் அடியில் ஒன்றாக இருந்தாலும் நாம் புழங்கும் இடங்கள் வேறு வேறு. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பதற்கு முன்னால் இந்தச் சொற்களின் பிறப்பைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

வடமொழியில் விழித்திருத்தலைக் குறிக்கும் வினையடி "ஜாக்ரு". ரிக் வேதத்தின் ஐந்தாம் மண்டலத்தில், எவன் விழித்திருக்கிறானோ அவனை ரிக்குகள் விரும்புகின்றன என்று ஒரு மந்திரம் வருகிறது. அங்கே உள்ள "ஜாகார" என்பது இந்த வினையின் வடிவம். கடோபநிடதத்தின் "உத்திஷ்டத, ஜாக்ரத" என்ற தொடரை விவேகானந்தர் நாடெங்கும் கொண்டு சென்றார். தமிழில் அது "எழுமின், விழிமின்" ஆனது. சிவராத்திரியில் கண் விழிப்பதை ஜாகரணம் என்கிறோம். வங்காளத்திலும் மகாராஷ்டிரத்திலும் சரத்காலப் பௌர்ணமி இரவில் லட்சுமி வீதிவழியே "கோ ஜாகர்த்தி" (விழித்திருப்பவர் யார்?) என்று கேட்டுக்கொண்டே போவதாக நம்புகிறார்கள். அந்த நாளுக்குக் கோஜாகரி என்று பெயர் வந்தது அந்தக் கேள்வியால்தான்.

இந்த வினைக்கு இந்தியாவுக்கு வெளியிலும் உறவு உண்டு. கிரேக்க மொழியில் "எகெய்ரோ" என்றால் எழுப்பு. "எக்ரேகோர" என்றால் விழித்திருக்கிறேன். இந்தோ ஐரோப்பிய மொழியியலில் இவ்விரண்டும் ஜாக்ருவும் ஒரே வேரைச் சேர்ந்தவை. விழித்திருப்பவர் என்ற பொருளில் கிரேக்கர்கள் வைத்த பெயர் கிரகோரியோஸ். 1582இல் நாட்காட்டியைத் திருத்தி அமைத்த போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரகோரியின் பெயரும், நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் சூட்டிக்கொள்ளும் கிரகோரியும் அதுவே. வீட்டு வாசலில் எழுதியிருக்கும் ஜாக்கிரதையும் சுவரில் தொங்கும் கிரகோரியன் நாட்காட்டியும் ஒரே குடும்பத்துச் சொற்கள்.

தமிழுக்குள் வந்த வழக்கமும் ஒழுங்கானது. வடமொழியின் ஆகார ஈறு தமிழில் ஐகாரமாகும்: சீதா சீதை ஆகிறாள், மாலா மாலை ஆகிறது, பாஷா பாஷை ஆகிறது. அதே வாய்பாட்டில்தான் ஜாக்ரதா, ஜாக்கிரதை ஆனது. கிரந்த எழுத்தைத் தவிர்ப்பவர்கள் சாக்கிரதை என்று எழுதினார்கள்.

சைவ நூல்களைப் படித்தவர்களுக்கு இந்தச் சொல்லின் நெருங்கிய உறவினர் ஒருவர் தெரிந்திருக்கும்: சாக்கிரம். மாண்டூக்கிய உபநிடதம் விழிப்பு, கனவு, உறக்கம், அவற்றைக் கடந்த துரியம் என நான்கு நிலைகளைப் பேசுகிறது. சைவ சித்தாந்தம் அதை ஐந்தாக்கி, சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என்று வரிசைப்படுத்துகிறது. உயிர் சாக்கிரத்தில் புருவ நடுவில் நிற்கும்போது அதனுடன் ஐம்பொறிகள், மனம் முதலான 35 கருவிகள் தொழில்படுகின்றன. கண்டத்துக்கு இறங்கிக் கனவு காணும்போது 25. இருதயத்தில் சுழுத்தியில் 3, நாபியில் 2, மூலாதாரத்தில் 1. படிப்படியாக விளக்குகளை அணைத்துக்கொண்டே உள்ளே போவதுபோல் இந்தக் கணக்கு நடக்கிறது. ஆக, சாக்கிரம் என்றால் எல்லாக் கருவிகளும் வேலை செய்துகொண்டிருக்கும் நிலை. ஜாக்கிரதை என்ற பேச்சுச் சொல்லைப் புரிந்துகொள்ள இதைவிடத் துல்லியமான விளக்கம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஆனால் "விழிப்பு" என்ற பொருளிலிருந்து "பார்த்து நடந்துகொள்" என்ற பொருளுக்கு இந்தச் சொல் முழுமையாக நகர்ந்தது தெற்கில்தான். இந்தியில் ஜாக்ரத் என்றால் இன்றும் விழித்தெழுந்த, விழிப்புற்ற என்றுதான் பொருள். நாய் இருக்கும் வீட்டு வாசலில் அங்கே "சாவ்தான்" என்று எழுதுவார்கள். தெலுங்கில் ஜாக்ரத்த என்பது வீட்டுக்குள் புழங்கும் சொல். ஊருக்குக் கிளம்புகிறவரிடம் அதைச் சொல்லி அனுப்புவார்கள்; பணத்தை "ஜாக்ரத்த செய்" என்றால் பத்திரப்படுத்து என்று அர்த்தம். மலையாளத்தில் மழை, வெள்ளம், தொற்றுநோய்க் காலங்களில் அரசு வெளியிடும் அறிவிப்பே "ஜாக்ரதா நிர்தேசம்".

இனி எச்சரிக்கை. இதைத் தூய தமிழ் என்று நம்பி ஜாக்கிரதைக்குப் பதிலாக வைப்பவர்கள் ஏராளம். அந்த நம்பிக்கையில் பாதிதான் உண்மை. சொல்லின் வடிவம் கன்னடத்துக்கு உரியது. கன்னடத்தில் "எச்சர" என்றால் விழிப்பு, நினைவோடு இருத்தல். தூக்கத்திலிருந்து விழித்துக்கொள்வதற்கும் அந்தச் சொல்லைத்தான் ஆள்வார்கள். அதிலிருந்து பிறந்த "எச்சரிகெ" தெலுங்கில் "ஹெச்சரிக" ஆகவும் தமிழில் எச்சரிக்கையாகவும் வழங்குகிறது. திராவிட மொழியியலாளர்கள் இதை "எழு" என்ற அடியோடு சேர்க்கிறார்கள். நம் எழுச்சி அதே அடியிலிருந்து வந்தது. மாணிக்கவாசகரும் தொண்டரடிப்பொடியாழ்வாரும் பாடிய திருப்பள்ளியெழுச்சியில் எழுச்சி என்பதற்குத் துயில் நீங்குதல் என்ற பொருள் இருப்பதை நினைத்துப் பாருங்கள். அந்தப் பொருளைக் கன்னடம் ஒரு தனிச் சொல்லாக வளர்த்தெடுத்தது. நாம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம்.

அரண்மனையிலும் கோயிலிலும் எச்சரிக்கை ஒரு கூவலாக இருந்தது. அரசரோ உற்சவ மூர்த்தியோ வரும்போது முன்னால் நிற்பவர் அதைச் சொல்வார். தியாகராஜரின் உற்சவ சம்பிரதாயக் கீர்த்தனைகளில் "ஹெச்சரிககா ராரா" என்று இராமனை அழைக்கும் யதுகுலகாம்போதிப் பாடல் இந்த மரபில் வந்தது. பார்த்து அடியெடுத்து வா என்று இறைவனுக்கே சொல்லும் அன்பு அதில் இருக்கிறது. இதே இடத்தில் ஒலித்த இன்னொரு கூவல் "பராக், பராக்". கட்டியக்காரன் அதைச் சொன்னால் எல்லோரும் ஒதுங்கி நின்று கவனிக்க வேண்டும். ஆனால் தெருவில் "பராக்குப் பார்க்காதே" என்று குழந்தையைக் கண்டித்தால், கவனம் சிதறாதே என்று பொருள். கவனி என்று கூவவும் கவனமின்மையைச் சுட்டவும் ஒரே ஒலி! அகராதிகள் இவற்றை இரண்டு சொற்களாகப் பிரித்துத் தருவது சரிதான். முகத்தை வேறு பக்கம் திருப்பியிருப்பது பராக்குப் பார்த்தல்.

இப்படி எதிரெதிர்த் திசையில் போன சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது சாவதானம். வடமொழியில் "அவதானம்" என்றால் மனத்தை ஒன்றில் நிறுத்துதல். அதனோடு கூடியது "ஸாவதானம்". இந்தி பேசும் இடங்களில் அணிவகுப்பில் "சாவ்தான்" என்று கட்டளை வந்தால் எல்லோரும் விறைத்து நிற்பார்கள். ஓய்வாக நில் என்பதற்கு "விஷ்ராம்". தமிழிலோ "சாவதானமாக உட்கார்ந்து பேசினார்" என்றால் அவசரமே இல்லாமல், காலை நீட்டிக்கொண்டு பேசினார் என்று பொருள்! அங்கே விறைப்பைக் குறிக்கும் சொல் இங்கே ஓய்வைக் குறிக்கிறது. இது எப்படி நடந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. ஒரு வேலையைக் கருத்தோடு செய்பவர் பதறுவதில்லை. பதறாமல் செய்வது மெதுவாகச் செய்வதாகிறது. மெதுவாகச் செய்வது, பார்ப்பவருக்கு ஓய்வாகச் செய்வதாகத் தெரிகிறது.

அவதானம் மட்டும் தன் பழைய பொருளை விடாமல் வைத்திருக்கிறது. இலங்கைத் தமிழில் அது அன்றாடச் சொல். அங்கே செய்தித்தாளில் "பொதுமக்கள் அவதானமாக இருக்குமாறு" என்று எழுதுவார்கள். "அவதானி" என்றால் உற்றுப் பார். தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் அவதானக் கலையோடு நின்றுவிட்டது. எட்டுப் பேர், நூறு பேர் மாற்றி மாற்றித் தரும் வேலைகளை ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருந்து விடை சொல்லும் கலை அது. கோட்டாறு அருகே இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டினார். சிதறாத கவனத்துக்கு மனித வடிவம் தந்தால் அவரைப் போலத்தான் இருக்கும்.

மதுரையிலும் அதற்குத் தெற்கேயும் "சூதானமாகப் போய்விட்டு வா" என்பார்கள். சிலர் அதைச் சூது என்ற சொல்லோடு சேர்த்து, சூழ்ச்சி அறிந்து நடப்பது என்று விளக்கம் தருகிறார்கள். எனக்கு அது பொருந்தவில்லை. பிள்ளையை வழியனுப்பும் தாய் சூதை நினைத்து அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. சாவதானம் பேச்சில் குறுகினால் சூதானத்துக்கு மிக அருகில் வந்துவிடும். பொருளும் அப்படியே ஒத்துப்போகிறது. எழுத்தில் ஓய்வைக் குறிக்கும் சொல், தெற்கத்திப் பேச்சில் மட்டும் பழைய கவனப் பொருளைப் பாதுகாத்து வந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

உஷார் பாரசீகத்திலிருந்து வந்தது. "ஹோஷ்" என்றால் சுயநினைவு. அதை உடையவர் "ஹோஷ்யார்". பாரசீகக் கவிதையில் இதற்கு எதிர்ச்சொல் குடித்து மயங்கியவன். ஆக உஷார் என்றால் முதலில் போதையில் இல்லாதவன்; பிறகுதான் எச்சரிக்கையானவன், கெட்டிக்காரன் எல்லாம். இது தெற்கே வந்து விதவிதமாக மாறியிருக்கிறது. மலையாளத்தில் உஷார் என்றால் சுறுசுறுப்பு, உற்சாகம். பெங்களூரில் ஒருவர் "ஹுஷாரில்ல" என்றால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

இந்தப் போதைப் பொருளைச் சற்றுப் பிடித்துக்கொண்டு திருக்குறளுக்கு வர வேண்டும். வள்ளுவரிடம் ஜாக்கிரதையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. அவர் இதற்கென்று ஒரு முழு அதிகாரம் வைத்திருக்கிறார்: பொச்சாவாமை, 54ஆம் அதிகாரம். பொச்சாப்பு என்றால் மறதி, சோர்வு. அது இல்லாமை பொச்சாவாமை. கவனத்தை ஒரு நேர்ச்சொல்லால் சொல்லாமல், கவனக்குறைவின் மறுப்பாகச் சொல்கிறார். அந்தச் சோர்வு எதனால் வருகிறது? முதல் குறளே பதில்:

இறந்த வெகுளியின் தீதே சிறந்த
உவகை மகிழ்ச்சியிற் சோர்வு.

அளவு கடந்த கோபத்தைவிடத் தீயது, மகிழ்ச்சியில் தன்னை மறப்பது. பழந்தமிழில் மகிழ் என்ற சொல்லுக்குக் கள்ளால் வரும் களிப்பும் பொருள். "உண்டார்கண் அல்லது அடுநறாக் காமம்போல் கண்டார் மகிழ்செய்தல் இன்று" என்று காமத்துப்பாலில் வள்ளுவரே அதை அந்தப் பொருளில் ஆள்கிறார். வடமொழியில் இதே கருத்துக்கு உள்ள சொல் "பிரமாதம்". அதன் வேர் "மத்": களித்தல், போதை கொள்ளுதல். புத்தர் கடைசியாகச் சொன்னதாகப் பாலி நூல்கள் தரும் வாக்கில் "அப்பமாதேன" என்று வருவது இதன் எதிர்மறை: சோர்வில்லாமல் முயலுங்கள் என்பது அந்த வாக்கு. தம்மபதத்தின் இரண்டாம் அதிகாரம் முழுக்க அப்பமாதம் பற்றியது. பிரமாதமும் மகிழ்ச்சியிற் சோர்வும், ஹோஷ்யாரின் எதிர்ச்சொல்லான மயக்கமும் ஒரே காட்சியைத்தான் காட்டுகின்றன. தன்னிடம் எல்லாம் இருக்கிறது என்ற களிப்பில் காவலைத் தளர்த்திவிடுகிற ஒருவன். பரிமேலழகரும் பொச்சாவாமைக்கு இப்படித்தான் விளக்கம் தருகிறார்: அழகு, செல்வம், ஆற்றல் முதலியவற்றால் மகிழ்ந்து தற்காப்பில் சோர்ந்துவிடாமை. இதில் எல்லா நெறியினரும் ஒன்றுபடுகிறார்கள் என்பதை வள்ளுவர் தெரிந்தேதான் எழுதினார் என்று நினைக்கிறேன்:

பொச்சாப்பார்க் கில்லை புகழ்மை அதுஉலகத்து
எப்பால்நூ லோர்க்கும் துணிவு.

பிரமாதம் பிறகு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். கன்னடத்தில் அது தவறு. தெலுங்கில் விபத்து, ஆபத்து. மின்கம்பத்தில் மண்டையோட்டுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் சொல் அது. தமிழில் கச்சேரி பிரமாதம், சாப்பாடு பிரமாதம்! கவனக்குறைவு, அதனால் விளையும் கேடு, கேட்டின் பெரிய அளவு, பிறகு எதுவாயினும் பெரியது, கடைசியில் மிகச் சிறந்தது என்று படிப்படியாக வந்திருக்கிறது. இடைப்பட்ட ஒரு படி இன்னும் நம் பேச்சில் உயிரோடு இருக்கிறது. "இது ஒன்றும் பிரமாதமில்லை" என்றால் பெரிய விஷயமில்லை என்றுதான் பொருள்.

வள்ளுவரின் "தூங்காமை கல்வி துணிவுடைமை" என்ற குறளை வைத்து, தமிழிலும் விழித்திருத்தல்தான் எச்சரிக்கை என்று சிலர் சொல்வதுண்டு. அதில் கவனம் தேவை. அந்தக் காலத் தமிழில் உறக்கத்துக்குத் துஞ்சுதல் என்ற சொல் இருந்தது. தூங்குதல் என்றால் தொங்குதல், அசைதல், காலம் தாழ்த்துதல். "தூங்குக தூங்கிச் செயற்பால தூங்கற்க தூங்காது செய்யும் வினை" என்பதில் உறக்கத்துக்கு இடமே இல்லை.

கவனம் என்ற சொல்லை வடமொழியின் "கமனம்" என்பதோடு இணைக்கலாம். அதன் பொருள் செல்லுதல். கன்னடத்தில் கமன என்றால் இன்றும் கவனம். தெலுங்கில் கமனிஞ்சு என்றால் கவனி. மகரம் வகரமாவது புதிதல்ல. கிராமம் வடக்கே காவ் ஆகியிருக்கிறது. படிப்பில் மனம் செல்லவில்லை என்று நாம் சொல்வதைப் பார்த்தால், செல்லுதல் எப்படிக் கவனமாயிற்று என்பது விளங்கும். பத்திரம் வேறு வகை. வடமொழியில் "பத்ர" என்றால் மங்கலம், நலம். பத்ரகாளி, பத்ராசலம் எல்லாம் அதுதான். இலையைக் குறிக்கும் "பத்ர" வேறொரு சொல். ஓலையில் எழுதிய ஆவணம் அதனால் பத்திரமாயிற்று. வடமொழியில் எழுத்துகளின் ஒலி வேறுபாட்டால் தனித்தனியாக நின்றவை, தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிட்டன. வீட்டுப் பத்திரத்தைப் பத்திரமாக வை என்னும்போது இரண்டும் அருகருகே வருகின்றன.

இப்போது மூன்றாவது கேள்விக்கு வரலாம். இவை ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்குமா? பெரும்பாலும் நிற்காது. "கவனமாகப் படி" என்கிறோம். "ஜாக்கிரதையாகப் படி" என்றால் பாடத்தில் ஏதோ அபாயம் இருப்பதாகத் தோன்றும். மோதிரத்தைப் பத்திரமாக வைக்கலாம். விழிப்பாக வைக்க முடியாது. பத்திரம் பொருளின் நலத்தைப் பார்க்கிறது, ஜாக்கிரதை ஆளின் நிலையைப் பார்க்கிறது. எச்சரிக்கையிலிருந்து எச்சரித்தார் என்ற வினை வருகிறது. ஒருவர் மற்றவருக்குச் சொல்வது அது. அதனால்தான் துறைமுகத்தில் ஏற்றுவது புயல் எச்சரிக்கைக் கூண்டு. ஜாக்கிரதையில் அப்படி ஒரு வினை பிறக்கவில்லை. கவனித்தல் இன்னும் விரிந்து, நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் பராமரிப்பு வரை போகிறது. ஜாக்கிரதையை முற்றிலும் ஒதுக்கினால் இழப்பு நமக்குத்தான் என்பது என் கருத்து. அதே சமயம் தமிழ் வேர்ச்சொற்களில் விழிப்பு, காப்பு, கருத்து, கொங்கு நாட்டில் இன்றும் வழங்கும் பதனம் ஆகியவற்றை எழுத்தில் இன்னும் தாராளமாகப் பயன்படுத்த வேண்டும் என்றும் விரும்புகிறேன். பதனம் அழகான சொல். "பதனமாகப் போங்கள்" என்பதில் அவசரப்படுத்தாத ஒரு பரிவு இருக்கிறது.

வாசல் பலகை பற்றி ஒரு வார்த்தை. "நாய்கள் ஜாக்கிரதை" என்பதில் எழுவாய் நாய்கள் போலத் தோன்றுவதால், எச்சரிக்கையாக இருப்பது நாய்களா என்று பலர் கேட்கிறார்கள். பக்கத்து மொழிகளைப் பார்த்தால் குழப்பம் தீரும். தெலுங்கில் "குக்க உன்னதி ஜாக்ரத்த", கன்னடத்தில் "நாயிகளிவெ எச்சரிகெ", மலையாளத்தில் "நாய உண்டு சூக்ஷிக்குக" என்று எழுதுவார்கள். மூன்றிலும் நாய் இருக்கிறது என்று ஒரு வாக்கியம், பிறகு தனியாக ஓர் எச்சரிக்கை. தமிழ்ப் பலகையில் நடுவில் இருக்க வேண்டிய "இருக்கின்றன" விழுந்துவிட்டது. "திருடர்கள் ஜாக்கிரதை" என்பதிலும் இதே விடுபாடுதான். பலகை எழுதுபவர்கள் அந்த வினையைச் சேர்த்து, "நாய் இருக்கிறது, பார்த்து வாருங்கள்" என்று எழுதலாம். படியில் இறங்கும் பாட்டியிடமும், சாலையைக் கடக்கும் பிள்ளையிடமும், கொதிக்கும் பாத்திரத்தை இறக்குகிறவரிடமும் தமிழர்கள் யோசிக்காமல் சொல்வது "பார்த்து" என்ற ஒற்றை வினையெச்சத்தைத்தான். அது வேறெந்த மொழியிலிருந்தும் வரவில்லை.